வாசல் வேப்பிலை முதல் இரட்டை இலை வரை: குறிகளைப் படிக்கும் விதம்

மதுரைப் பக்கம் ஏதோ ஒரு தெருவில் நடந்து போகிறீர்கள். ஒரு வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கிறது. கதவைத் தட்டமாட்டீர்கள், உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது. நாலு வீடு தள்ளி வாசலில் குலை தள்ளிய வாழைமரம் இரண்டு பக்கமும் கட்டியிருக்கிறது, அங்கே விசேஷம். அடுத்த வீட்டில் மணி ஒன்பதாகியும் வாசல் தெளிக்கவில்லை, கோலம் இல்லை. ஊருக்குப் போயிருக்கிறார்களா, இல்லை ஏதும் துக்கமா என்று மனது கேட்கும். இந்த மூன்று வீட்டிலும் யாரும் உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் மூன்று சேதி வந்து சேர்ந்துவிட்டது.

இப்படிச் சேதி சொல்லும் எதையும் குறி என்று சொல்லலாம். ஒரு பொருள், ஒரு சத்தம், ஒரு நிறம், ஒரு கை அசைவு, கடைசி வீட்டில் பார்த்த மாதிரி ஒன்று இல்லாமல் போவதுகூடக் குறிதான். தன்னைத் தாண்டி வேறொன்றை யாருக்காவது நினைவூட்டினால் போதும். அந்த ‘யாருக்காவது’ முக்கியம். வெளிநாட்டுப் பயணி ஒருவர் அதே தெருவில் நடந்தால் வேப்பிலை அவருக்கு வெறும் தழை. படிக்க ஆள் இல்லாத இடத்தில் குறி இல்லை.

வேப்பிலைக்கு இன்னொரு கதையும் உண்டு. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. உயிரைக் குடித்த அந்த நோய்க்காகவும் வாசலில் ஏறிய வேப்பிலை, இன்று பெரும்பாலும் சின்னம்மைக்காகத்தான் தொங்குகிறது. பழைய நோய் போய்விட்டது, குறி வேலையை விடவில்லை. ‘வெளியாள் உள்ளே வர வேண்டாம்’ என்ற அதன் சேதி இன்றைக்கும் மருத்துவர் சொல்வதோடு ஒத்துத்தான் போகிறது.

மூன்று வகை

குறிகளை வகைப்படுத்திப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் (1839–1914). அவர் ஏகப்பட்ட பிரிவுகள் போட்டார். அவற்றில் ஆரம்பப் பாடத்துக்குத் தேவையானது ஒரு மூன்று மட்டும். அவர் ஐகான், இண்டெக்ஸ், சிம்பல் என்றார். நாம் உருவக்குறி, தடயக்குறி, வழக்குக்குறி என்று வைத்துக்கொள்வோம்.

உருவக்குறி என்றால் பார்க்க அதே போல இருப்பது. கழிப்பறைக் கதவில் இருக்கும் ஆண், பெண் படம், சாலையோரப் பலகையில் இருக்கும் மான் படம், ஓட்டல் மெனுவில் இருக்கும் பரோட்டா போட்டோ. பாண்டியர் காசிலும் முத்திரையிலும் இருக்கும் கயல் மீன், மீன் மாதிரியே இருப்பதால் மீனுக்கு உருவக்குறி. அது பாண்டிய அரசையும் குறிக்கிறதே என்றால், அதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

தடயக்குறி ஒன்றின் விளைவாகவோ அதன் அறிகுறியாகவோ வருவது. புகை நெருப்பைக் காட்டுகிறது. காய்ச்சல் நோயைக் காட்டுகிறது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடான இடத்துக்கு ஏறினால் மழை வரும் என்பார்கள் கிராமத்தில். வைகையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வந்தால் வருசநாட்டு மலைப்பக்கம் மழை கொட்டியிருக்கிறது என்று கரையில் இருப்பவருக்குத் தெரியும். இங்கே யாரும் யாரோடும் பேசி முடிவு செய்யவில்லை. மழை பெய்தது, மண்ணை அரித்தது, தண்ணீர் நிறம் மாறியது. காரணமும் விளைவும்தான் இந்தக் குறியைக் கட்டிப் பிடித்திருக்கின்றன.

வழக்குக்குறி என்பது ‘இதற்கு இதுதான் அர்த்தம்’ என்று மனிதர்கள் கூடி வைத்துக்கொண்டது. தேசிய நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் அடித்திருப்பார்கள். மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சை. மஞ்சளுக்கும் தேசியத்துக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. மாற்றி வைத்திருந்தாலும் வேலை நடந்திருக்கும். எல்லோரும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கன்னியாகுமரியிலிருந்து மதுரை வழியாக ஸ்ரீநகர் வரை போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவருக்கு, மொழி தெரியாத மாநிலத்திலும் இந்த மஞ்சள் தலை வழி சொல்லும்.

சரி, இந்த மூன்றும் தனித்தனிப் பெட்டியா? கிடையாது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கிருஷ்ண ஜெயந்தி அன்று வாசலிலிருந்து பூஜை அறை வரை மாக்கோலத்தில் குட்டிப் பாதம் போடுவார்களே, அதைப் பாருங்கள். பாதம் மாதிரி இருப்பதால் அது உருவக்குறி. ஒரு குழந்தை மண்ணையோ வெண்ணெயையோ மிதித்துவிட்டு நடந்து வந்த சுவடு போல வரிசையாக, விரல்கள் உள்பக்கம் பார்க்க இருப்பதால் தடயக்குறியின் வேஷம் போடுகிறது. அந்தக் குழந்தை கண்ணன்தான், பக்கத்து வீட்டுப் பையன் இல்லை என்று நமக்குத் தெரிவது வழக்கத்தால். ஒரே கோலத்தில் மூன்றும் இருக்கிறது. விரல்களை வெளிப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பதும் இப்போது விளங்கும்: வந்தவர் திரும்பிப் போகிறார் என்று அந்தச் சுவடு சொல்லிவிடும்.

குறிகள் சங்கிலியாகக் கோத்து வேலை செய்யும் இடம் வைகை அணை. அணை நிரம்பினால் நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மலையில் பெய்த மழைக்கு நீர்மட்டம் தடயக்குறி. 66 என்ற எண் வழக்குக்குறி. அபாயச் சங்கு இன்னொரு வழக்குக்குறி. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கும் சேதி போகிறது. ஆற்றுக்குள் மாடு கட்டியிருப்பவர் அணையைப் பார்க்கவில்லை, மழையையும் பார்க்கவில்லை. ‘ரெண்டாவது எச்சரிக்கை விட்டாச்சாம்’ என்ற பேச்சைக் கேட்டே மாட்டை அவிழ்த்துவிடுகிறார். நாம் தினம் நம்பி நடப்பதில் பாதிக்கு மேல் இப்படிக் குறியின் குறிக்குக் குறியாக வந்து சேர்ந்ததுதான்.

காரணம் உண்டா?

வழக்குக்குறிக்கும் அதன் பொருளுக்கும் இயற்கையான உறவு ஏதும் இல்லை என்பதை ஒரு கோட்பாடாகவே வைத்தவர் சுவிட்சர்லாந்தின் மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் த சொசூர். 1913-இல் அவர் இறந்த பிறகு, மாணவர்கள் எடுத்து வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு 1916-இல் அவருடைய பாடங்கள் நூலாக வந்தன. ‘மரம்’ என்ற ஒலியில் மரத்தனம் எதுவும் கிடையாது, வேறு மொழிக்காரர் வேறு ஒலியால் அதே மரத்தைச் சொல்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதிதல்ல. தொல்காப்பியத்தின் உரியியலில் ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்தவுடனே தெரிந்துவிடாது என்கிறது. சொசூர் சொன்னதையே தொல்காப்பியர் முன்பே சொல்லிவிட்டார் என்று மேடையில் முழங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொசூர் காரணமே இல்லை என்கிறார்; தொல்காப்பியர் பளிச்சென்று தெரியாது என்று நிறுத்திக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது.

சொசூர் சொன்ன இன்னொன்றைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஒரு குறியின் மதிப்பு அது மற்ற குறிகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதில் இருக்கிறது. சிக்னலில் சிவப்பு ‘நில்’ என்று சொல்வது பக்கத்தில் பச்சை இருப்பதால். அதே சிவப்பு நெற்றியில் குங்குமமாக இருந்தால் யாரும் பிரேக் போடுவதில்லை.

இதை விளக்க மதுரையை விட நல்ல ஊர் கிடைக்காது. சிலப்பதிகாரத்தின் வழக்கு முழுவதும் ஒரே ஒரு வேறுபாட்டில் நிற்கிறது. கோப்பெருந்தேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் வெளிப்பார்வைக்கு ஒன்று. உள்ளே இருக்கும் பரல்தான் வேறு. கண்ணகி ‘என் காற் பொற்சிலம்பு மணியுடை அரியே’ என்கிறாள். பாண்டியன் ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்கிறான். உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. முத்தா, மாணிக்கமா என்ற ஒற்றை வித்தியாசம் அரசனின் உயிரையும் ஊரையும் சேர்த்துக் கொண்டுபோனது.

அதற்கு முன்னால் நடப்பது இன்னும் சுவாரசியம். கொலைக்களக் காதையில் காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். ஆளின் தோற்ற இலக்கணத்தைப் பார்த்தால் இவன் கொல்லத்தக்க கள்வன் இல்லை என்று ஒருவன் சொல்கிறான். அவன் முகத்தையும் உடம்பையும் குறியாகப் படித்தான், சரியாகவே படித்தான். உடனே பொற்கொல்லன் ஒரு வகுப்பே எடுக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று களவுக்குத் துணையாகும் எட்டையும் அடுக்கி, கள்வன் கள்வன் மாதிரி தெரியமாட்டான், அதுதான் அவன் திறமை என்கிறான். அப்பாவித் தோற்றத்தையே குற்றத்தின் அடையாளமாகத் திருப்பிவிட்டான். குறிகளை வைத்துப் பொய் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் நான் படித்ததில்லை. புகையைப் பார்த்து நெருப்பு என்று ஏமாற வழி குறைவு. மனிதர்கள் காட்டும் குறியில் ஏமாற வழி நிறைய.

துண்டுக்குள் விரல்

அடுத்தது சூழல். ஒரே குறி இடத்துக்குத் தக்கபடி வேறு வேறு சேதி சொல்லும். கோயிலில் சங்கு ஊதினால் பூஜை. தெருவில் சேகண்டியோடு சேர்ந்து ஊதினால் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பஞ்சாலைகள் நிறைந்திருந்த மதுரையில் மில் சங்கு என்றால் ஷிப்ட் மாறுகிறது என்று அர்த்தம், அதைக் கேட்டு அடுப்பில் உலை வைத்த குடும்பங்கள் உண்டு.

சூழல் என்ன செய்யும் என்பதைக் கிட்டத்தில் பார்க்க மாட்டுச் சந்தைக்குப் போக வேண்டும். ஆட்களைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். மாட்டின் வாயைத் திறந்து பல் பார்த்தாயிற்று, சுழி பார்த்தாயிற்று, கொஞ்ச தூரம் நடக்கவிட்டும் பார்த்தாயிற்று. இனி விலை. வாங்க வந்தவரும் தரகரும் கை கொடுத்துக்கொள்கிறார்கள். தரகர் தோளில் கிடந்த துண்டு அந்த இரண்டு கைக்கு மேலும் விழுகிறது. இனி நடப்பது எல்லாம் துண்டுக்குள். ஒருவர் மற்றவரின் விரல்களைப் பிடிக்கிறார். நாலு விரல் பிடித்தால் நாலு. மேலே ஒரு அழுத்தம், ஒரு மடக்கு, ஒரு தட்டு என்று பாதி, கால் கணக்கெல்லாம் வரும். அந்த நுணுக்கம் சந்தைக்குச் சந்தை மாறும். வெளியே தெரிவது இரண்டு முகம் மட்டும். ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் ‘ஏண்ணே, இது நியாயமா?’ என்பது போல உதட்டைப் பிதுக்குவார். துண்டு விலகும். மறுபடி விழும்.

நாலு விரல் என்றால் நாலு என்ன? நாலாயிரமா, நாற்பதாயிரமா? துண்டுக்குள் அதைச் சொல்ல எந்த விரலும் இல்லை. சொல்லத் தேவையும் இல்லை. எதிரே நிற்பது கன்றுக்குட்டி என்றால் நாலாயிரம், நல்ல உழவு மாடு என்றால் நாற்பதாயிரம். மாடே மிச்சக் கணக்கைச் சொல்லிவிடுகிறது. குறியில் பாதியைக் கையும் மீதியைச் சூழலும் சொல்கிற இந்த ஏற்பாடு எந்த அகராதியிலும் ஏறாது. மாடு தெரியாதவன் துண்டுக்குள் கையைவிட்டால் விரல் கணக்கு தெரிந்தும் ஏமாறுவான்.

ஏன் இந்த மறைவு? அடுத்து நிற்பவருக்கு விலை தெரிந்துவிட்டால் அவர் தன் மாட்டுக்கு அதையே பிடித்துக்கொள்வார். குறைத்துக் கேட்டவருக்கும் நாலு பேர் முன்னால் மானம் போகாது. குறி என்றால் எல்லோருக்கும் தெரியத்தான் என்று நினைக்கிறோம். சிலருக்கு மட்டும் தெரிவதும் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதும் அதன் வேலைதான்.

பெயர் சொல்லாமல் பெயர் சொல்வது

இப்போது கயல் மீனுக்குத் திரும்பலாம். மீன் பாண்டியனையும், புலி சோழனையும், வில் சேரனையும் குறிக்கும். இவை கொடிகள். இதே போலப் போர்ப் பூவும் உண்டு: சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடக்கும்போது வேப்பம்பூ மாலை சாற்றுகிறார்களே, அது அம்மை நோய்க்காக இல்லை. பாண்டிய நாட்டின் அரசி என்பதற்காக. கையில் செங்கோல் கொடுப்பதும் அந்த வாக்கியத்தின் இன்னொரு பகுதி. வாசல் வேப்பிலை ‘தள்ளி நில்’ என்கிறது, இந்த வேம்பு ‘இவள் ஆள்கிறாள்’ என்கிறது. மரம் ஒன்றுதான்.

இந்த வேப்பம்பூ ஒரு இலக்கிய வழக்கையே தீர்த்திருக்கிறது. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. அரண்மனையில் தலைவனைப் பிரிந்து அரசி துயில் இல்லாமல் கிடக்கிறாள். பாசறையில் அரசன் நள்ளிரவில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். பிரிவும் வாடையும் உள்ள பாட்டு, அகப்பாட்டாகத்தான் தோன்றும். அகப்பாட்டில் தலைவனின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது மரபு. நக்கீரரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் அரசனுக்கு முன்னே போகிறவனின் வேலில் வேப்பந்தழை கட்டியிருப்பதாக ஒரு வரி வைத்துவிட்டார்: ‘வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகமொடு’. வேம்பு என்றால் பாண்டியன். பெயர் சொல்லிவிட்ட மாதிரிதான். அதனாலேயே இதை அகம் என்று கொள்ளாமல் புறம் என்று கொள்ள வேண்டும் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதினார். ஒரு தழைக் கொத்து நூற்றெண்பத்தெட்டு வரிப் பாட்டைத் திணை மாற்றிவிட்டது.

எழுத்து தெரியாதவருக்கு ஒரு எழுத்து

அரசர்கள் போனார்கள், சின்னங்கள் போகவில்லை. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18.33 சதவீதம். அந்த நிலையில்தான் 1951-52-இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் அவருடைய சின்னம். பெயரைப் படிக்கத் தெரியாவிட்டாலும் மாட்டையும் குடிசையையும் அடையாளம் தெரியுமே. தற்காலிக ஏற்பாடாக வந்த சின்னத்துக்கு 1968-இல் தனி ஆணையே வந்தது. இன்று படித்தவர்களும் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் சின்னத்தைத்தான் தேடுகிறார்கள்.

இரட்டை இலை பிறந்த இடம் நம் பக்கம்தான். அப்போது மதுரை மாவட்டத்தோடு இருந்த திண்டுக்கல்லில் 1973-இல் மக்களவை இடைத்தேர்தல் நடந்தது. புதிதாகத் தொடங்கிய அ.தி.மு.க.வின் வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று வென்றார். இலையில் அதற்கு முன் எந்தக் கொள்கையும் கிடையாது. வெற்றி வந்து ஒட்டிக்கொண்டது, தலைவர் வந்து ஒட்டிக்கொண்டார், பிறகு இலையே கட்சி ஆனது. எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டானபோது 1989 தேர்தலில் இலை முடக்கப்பட்டது. ஒரு அணிக்குச் சேவல், மற்றதற்கு இரட்டைப் புறா. அணிகள் சேர்ந்து இலை திரும்ப வந்தபின் அதே ஆண்டு மதுரை கிழக்கிலும் மருங்காபுரியிலும் நடந்த இடைத்தேர்தல்களில் அந்தக் கட்சி வென்றது. சின்னத்துக்காகக் கட்சிகள் ஏன் நீதிமன்றம் வரை போகின்றன என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றைப் பார்த்தால் போதும்.

கையைப் பாருங்கள். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினால் இங்கிலாந்தில் வெற்றி, இங்கே இரட்டை இலை. ஐந்து விரலையும் விரித்துக் காட்டினால் உதயசூரியன், சேர்த்துக் காட்டினால் காங்கிரஸ். தேர்தல் நேரத்தில் வேனில் வருபவருக்குப் பதிலுக்குச் சும்மா கையசைக்கக்கூடக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சாவி தொலைந்தால்

வழக்குக்குறியின் பலவீனம், வழக்கம் போனால் பொருளும் போய்விடும். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல இருக்கும் கீழடியில் இரண்டு விதமான கீறல்கள் பானை ஓடுகளில் கிடைத்திருக்கின்றன. ஆதன், குவிரன் என்று தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் எழுதியவை ஒரு வகை. அவற்றைப் படிக்க முடிகிறது. யாரோ ஒருவர் தன் பானை என்று பெயர் போட்டிருக்கிறார், நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப் போலவே. மற்ற வகை வெறும் குறியீடுகள்: கோடுகள், கட்டங்கள், மீன் போன்ற வடிவங்கள். சிந்துவெளி முத்திரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் இவற்றுக்குச் சாவி இல்லை. போட்டவருக்கும் பார்த்தவருக்கும் இடையில் இருந்த ஒப்பந்தம் அவர்களோடு போய்விட்டது.

சில நேரம் பொருள் போன இடத்தில் புதுப் பொருள் குடியேறும். கீழக்குயில்குடி சமணர் மலையில் செட்டிப்புடவு என்று ஒரு குகை இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் சமணத் தீர்த்தங்கரர். நீண்ட காது மடல் சமண, பௌத்தச் சிற்ப மரபில் மேன்மையின் அடையாளம். சமணம் இந்தப் பக்கம் மறைந்த பிறகு அந்த மரபைப் படிக்க ஆள் இல்லை. ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த கணக்கில் படித்தார்கள்: காது வளர்த்த பெரிய மனிதர், அப்படியானால் செட்டியார். குகைக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. இதை அறியாமை என்று சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். கையில் இருக்கும் அகராதியை வைத்துத்தானே யாரும் படிக்க முடியும்?

தெருப் பெயரிலும் இது நடக்கும். மாசி வீதிகளில் தேர் ஓடுவது சித்திரையில். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தில் மாசித் திருவிழா சித்திரைக்கு மாறியது என்பார்கள். விழா மாறியும் வீதியின் பெயர் மாறவில்லை. ஒரு காலத்தின் வழக்குக்குறி இப்போது அந்தக் காலத்துக்கான தடயக்குறியாக ஆகிவிட்டது.

புதுப் பொருள் எப்போதும் இப்படிச் சாதுவாக வந்து சேராது. நம் கல்யாணப் பத்திரிகையிலும் கணக்கு நோட்டிலும் இருக்கும் ஸ்வஸ்திகத்தை நாஜிகள் 1920-இல் கட்சிக் கொடியில் ஏற்றினார்கள். அதன் பிறகு ஐரோப்பாவில் அதைப் பார்ப்பவருக்கு நினைவுக்கு வருவது படுகொலை. ‘எங்களுக்கு மங்கலம்தானே’ என்று நாம் சொல்வது உண்மை. அவர்களுக்குத் தோன்றுவதும் உண்மை.

குறியை வடிவமைப்பவர்கள் பார்ப்பவரின் கண்ணைக்கூட யோசிக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் பச்சை வட்டம் சைவம், பழுப்பு வட்டம் அசைவம் என்று இருந்தது. நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டு வட்டமும் ஒன்றுதான். அதனால் அசைவத்துக்கு வட்டத்தை எடுத்துவிட்டு முக்கோணம் வைத்தார்கள். சின்ன மாற்றம், ஆனால் நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் காப்பாற்றும்.

யார் சொல்வது பொருள்?

அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று மதுரையே கவனிக்கும். பச்சை என்றால் நாடு செழிக்கும், சிவப்பு என்றால் குழப்பம் என்று ஆளுக்கு ஆள் பலன் சொல்வார்கள். பெட்டியில் இருக்கும் பட்டுகளில் கைக்கு வருவதை எடுத்து உடுத்துவதாகச் சொல்வது மரபு. அந்தத் தற்செயல் முக்கியம். யாராவது யோசித்துத் தேர்ந்தெடுத்தால் அது மனிதன் சொன்ன சேதி. தேர்ந்தெடுக்காமல் வந்தால் அழகரே சொன்ன சேதி. யாரும் அனுப்பாத சேதியைப் படிக்கத்தான் நமக்கு ஆசை அதிகம்.

அனுப்பியவர் யாரென்று நன்றாகத் தெரிந்தாலும் தகராறு தீராது என்பதற்குத் தமிழக அரசின் முத்திரையே சாட்சி. அதில் இருக்கும் கோபுரம் எது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்பார்கள். பொது அறிவுக் கேள்விகளிலும் அதுதான் விடை. ஆனால் 1949 வாக்கில் அதை வரைந்த ஓவியர் கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். தான் வரைந்தது மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று சொல்லியிருக்கிறார். வரைந்தவர் சொல்வது பொருளா, இத்தனை காலம் கோடிப் பேர் நம்பியது பொருளா? உருவக்குறி என்று பார்த்தால் வரைந்தவர் பக்கம் சாய வேண்டும். வழக்குக்குறி என்று பார்த்தால் ஊர் சொல்வதுதான் சட்டம். நான் மதுரைக்காரன், மேற்குக் கோபுரத்தின் கட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடை வாசலில் நின்று இதைச் சொல்ல மட்டும் மாட்டேன்.